வாழ்த்து மடலுக்காக ஒரு விசாரணை

அன்புத் தங்கை விஜிக்கு, அண்ணன் அய்யாவு அல்சூரிலிருந்து எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும், அவள் முழங்கால் நீங்கலாக, நலம். சந்தாபுராவில் நீ, உன் வீட்டுக்காரர் ரவிக்குமார், கல்யாணப் பெண் சோனியா மூவரும் நலம் என்று நம்புகிறேன். நீ என் போனை எடுக்காததால் நம்பிக்கையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கல்யாண மேடையில் நான் வாழ்த்து மடல் வாசிக்கக் கூடாது என்று நீ சொல்லிவிட்டதாகக் கேள்வி. தாய்மாமன் வாசிக்காமல் வேறு யார் வாசிப்பது? தீர்ப்பை மாற்றும் முன் நடந்ததை நடந்தபடி கேள்.

எழுதச் சொன்னது உன் மகள் சோனியாதான். "மாமா, நிலா, மல்லிகை, பதினாறு செல்வம் எதுவும் வேணாம். ராம்கி கல்யாணத்துல படிச்சதையே பேரை மாத்திப் படிச்சீங்க, மேடையை விட்டு எறங்கிடுவேன்" என்றாள். ஆகவே புதிதாக யோசிக்க உட்கார்ந்தேன். பேனாவில் மை போட்டேன், காகிதத்தில் ஓரம் மடித்தேன், மறுபடி மை போட்டேன். உன் அண்ணி பொறுக்க முடியாமல், "கண்ணை மூடிக்கினு மாப்பிள்ளைப் பையன் தினேஷ்னா என்ன தோணுதோ அதை எழுதுங்க" என்றாள். எழுதினேன். நல்ல உயரம், மாநிறம், அரும்பு மீசை. எட்டிப் பார்த்துவிட்டு, "இதை வெச்சு காணவில்லைன்னு விளம்பரந்தான் குடுக்கலாம்" என்றாள்.

காலமெல்லாம் நிருபராக இருந்தவன் நான். செய்தி இல்லாமல் எழுத வராது. நேரே லிங்கராஜபுரம் போய், மாப்பிள்ளைப் பையன் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் சுந்தரத்திடம் விசாரித்தேன். "தங்கமான பையன் சார். ஒருவாட்டி காலரைக் கருக்கிட்டேன். 'பரவால்ல குரு, மடிச்சு உட்டுக்கறேன்'னு அதையே போட்டுக்கினு ஆபீஸ் போனான்" என்றார். விஜி, இதற்கு எந்த நிலா ஈடாகும்? உடனே குறித்துக்கொண்டேன். அதைப் பார்த்து அவர், "நீங்க பொண்ணு வீடா? பத்திரிகையே குடுத்துட்டாங்களே, இப்ப எதுக்கு விசாரிக்கறீங்க?" என்றார். மடல் எல்லாருக்கும் ஆச்சரியமாக இருக்கட்டுமே என்று, "நான் வந்தது வெளியே தெரிய வேண்டாம்" என்றேன். அதுதான் தப்பாப் போச்சு.

தெருக்கோடிக்குப் போவதற்குள் தெருவே கூடிவிட்டது. மாடியிலிருந்து எல்லம்மா என்கிற அம்மாள், "கையில பச்சை குத்திக்கினான்னு யாரோ வத்தி வெச்சுட்டாங்களா? அது ஆஞ்சநேயர், அண்ணா!" என்று கத்தினார். ஒருத்தர் குடிக்க மாட்டான்னு சத்தியம் பண்றாரு, ஒருத்தர் குறட்டை விட மாட்டான்னு சத்தியம் பண்றாரு, இவருக்கு எப்படித் தெரியும்னு கேட்டா ஒரே ரூம்ல டூர் போனோம்ங்கறாரு, நானும் விடாம எழுதிக்கிட்டே இருக்கேன், அதுக்குள்ள சம்பந்தியம்மா ஜானகி அழுதுகிட்டே உனக்குப் போன் போட்டுட்டாங்க. அதன் பிறகு உன் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது இது: வாழ்த்து மடல் என்று நான் சொன்னதும் சம்பந்தியம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்து, "இதை முன்னாடியே சொல்றதுக்கென்னண்ணா?" என்று கேசரிபாத் கொடுத்தார். தெருவே சாப்பிட்டது. மாப்பிள்ளைக்கு இவ்வளவு சாட்சிகள் கிடைத்த கல்யாணம் பெங்களூரில் வேறு இருக்காது. சம்பந்தி சிரித்துவிட்டார், நீ மட்டும்தான் பாக்கி.

இனி யாரையும் விசாரிக்க மாட்டேன். உன் அண்ணி தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன், அவளும் திருப்பி அடித்தாள். மைக்கை மட்டும் எனக்குக் கொடு. சோனியாவுக்கு என் ஆசிகள். ரவிக்குமாருக்கு வணக்கம். உனக்கு, கோபம் தணிந்த பிறகு, அன்பு.

இப்படிக்கு,
அய்யாவு

பின்குறிப்பு: வாழ்த்து மடலை எழுதி முடித்துப் படித்தபோதுதான் உறைத்தது. தினேஷைப் பற்றி ஏராளம் இருக்கிறது. சோனியாவைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதுவது எங்கள் தொழிலில் பாவம். ஆகவே பஸ் ஏறி வந்து, இப்போது உங்கள் தெருமுனை டீக்கடையில் இருக்கிறேன். சோனியாவின் கோபத்தைப் பற்றி அருமையான செய்திகள் கிடைத்திருக்கின்றன. உன் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் சுப்புலக்ஷ்மி, "மாப்ளை வீட்டுக்காரரா? பொண்ணு மேல ஏதாச்சும் சந்தேகமா?" என்று கேட்டார். ரகசியம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் உன் வீட்டுக்குத்தான் வேகமாகக் கிளம்புகிறார். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். முதலில் இதைப் படி, பிறகு அவர் சொல்வதைக் கேள்.