காவல்சாமிக்குச் சத்தம் ஆகாது

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எழுந்து நின்று, தொண்டையைச் செருமாமல், இப்போதே சொல்ல வேண்டும்.

லம்துவன் எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த பம்ப்ளிமாஸ் சுளையின் வெள்ளைத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே உரித்த சுளைதான். இருந்தாலும் உரித்தாள்.

மேடையில் புன்சோங் ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் எதைப் பேசினாலும் ஏதோ ஒரு வண்டி தாமதமாக வருகிற மாதிரியே இருக்கும்.

"எல்லாரும் கவனிங்க! நம்ம ரோம்யென் முதியோர் குடியிருப்புக்குப் பக்கத்துல பூட்டிக் கிடக்கிற பாலர் பள்ளி விலைக்கு வருது. நாம வாங்கலாமா வேணாமா, அதான் இன்னைக்குப் பேச்சு."

"வாங்கி என்ன பண்றது?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"பாட்டு மண்டபம்!"

போன வாரம் கால் பிடித்துவிடுகிற நிலையம் என்றார். அதற்கு முந்தின வாரம் காளான் வளர்க்கலாம் என்றார். காரணம் மாறிக்கொண்டே இருக்கிறது, ஆசை மட்டும் மாறவில்லை என்பதை லம்துவன் கவனித்திருந்தாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஏனென்றால் அந்தக் கட்டடம் காலியாக இல்லை. காலையில் கொஞ்ச நேரம் அதில் அவள் இருந்தாள்.

பாங்காக் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரார் குரலையெல்லாம் ஊராருக்கு இணைத்துவிட்டு ஓய்வு பெற்றவள் அவள். கணவர் போன பிறகு பிள்ளைகள் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். நல்ல இடம். நல்ல மனிதர்கள். அதுதான் தொந்தரவு. இங்கே கதவு சாத்தியிருந்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். உடனே கஞ்சியும் கையுமாக வந்துவிடுவார்கள். மரத்தடியில் தனியாக உட்கார்ந்தால் மனசு சரியில்லை என்று அர்த்தம். அதற்கும் கஞ்சிதான்.

ஒருநாள் வாழைப்புதருக்குப் பின்னால் கம்பி வேலியில் ஒரு கிழிசலைப் பார்த்தாள். அந்த வழியே போய், பாலர் பள்ளியின் கடைசி அறையில், தாழ்ந்த ஜன்னல் திண்டில் உட்கார்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் எதையும் நினைக்கவில்லை. திரும்பி வரும்போது, இத்தனை வயதுக்கு இன்றைக்குத்தான் யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு காலையைக் கழித்திருக்கிறோம் என்று தோன்றியது. அதன் பிறகு ஒருநாளும் தவறவிடவில்லை.

அடுத்தவர் இடத்துக்குள் நுழைவது தப்பு. அதனால் வேலியோரம் அந்த மனையைக் காக்கிற காவல்சாமிக்காகக் கம்பத்தின் மேல் வைத்திருந்த சின்ன வீட்டில், தினமும் ஒரு சிவப்பு சோடாவைத் திறந்து ஸ்ட்ரா போட்டு வைத்துவிட்டு, "கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போறேன் சாமி" என்று கும்பிடுவாள். மறுநாள் பார்த்தால் பாட்டில் காலியாக இருக்கும். முதலில் எறும்பு என்று நினைத்தாள். பிறகு நினைப்பதை விட்டுவிட்டாள். ஒருநாள் வேலிக் கிழிசலுக்குக் கீழே, கால் வைக்க வாகாக ஒரு செங்கல் கிடந்தது. இன்னொரு நாள், துணியைக் குத்திக் கிழிக்கிற கம்பி முனையில் ரப்பர் குழாய் சுற்றியிருந்தது. சாமி நம்மை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நம்பிக்கொண்டாள். நம்புவதற்குச் சுகமாக இருந்தது.

"லம்துவன் அக்கா! நீங்க என்ன சொல்றீங்க?"

ஒலிபெருக்கி அவள் பக்கம் திரும்பியது. இத்தனை பேர் இருக்க என்னை எதற்கு முதலில் கேட்கிறார்?

இந்தக் குடியிருப்பில் மறுப்புக்கு ஒரு கணக்கு உண்டு. ஒருவர் பழம் நீட்டினால், முதல் 'வேண்டாம்' மரியாதை. இரண்டாவது 'வேண்டாம்' கூச்சம். மூன்றாவது முறை நீட்டும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். முதலிலேயே வாங்குகிறவன் பேராசைக்காரன். மூன்றாவது முறையும் வேண்டாம் என்றால் உண்மையிலேயே வேண்டாம் என்று பொருளாம். பொருளாம் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே யாரும் அதைக் கேட்டதில்லை. லம்துவனும் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு மூன்றாவது முறை கேட்டபோது தலையாட்டினாள். பாங்காக் வீட்டை விற்கலாமா என்று மகன் மூன்றாவது முறை கேட்டபோதும் தலையாட்டினாள். இங்கே வருவதற்கும் அப்படித்தான்.

"எதுக்குங்க தம்பி," என்றாள் மெதுவாக. "இருக்கிற இடமே போதுமே. வேண்டாமே."

கூட்டம் முழுக்க ஒரு புன்னகை பரவியது. பக்கத்திலிருந்த பிசமை அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பள்ளியில் நடனம் சொல்லிக்கொடுத்தவள் பிசமை. எல்லாவற்றுக்கும் யாருடைய கையையாவது பிடிப்பாள்.

"அக்கா இப்படித்தான் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும்!"

"அப்போ சரி," என்றார் புன்சோங், அவள் சம்மதித்துவிட்ட மாதிரி. "போய்ப் பார்த்துட்டு வருவோம். அக்காதான் முன்னாடி நடக்கணும்."

மறுநாள் தரகர் பெரிய வாசலைத் திறந்துவிட்டார். லம்துவன் முதன்முறையாக வாசல் வழியாக உள்ளே போனாள். இடமே வேறு மாதிரி இருந்தது. முழங்கால் உயர நாற்காலிகள். முழங்கால் உயரக் கைகழுவும் தொட்டிகள். சுவரில் மூக்கு உரிந்துபோன ஒரு யானை.

"உறுதியா இருக்கான்னு பார்க்கணும்," என்று சொல்லிவிட்டுப் புன்சோங் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது.

"உறுதியாத்தான் இருக்கு," என்றாள் பிசமை. "நல்லாப் பிடிச்சுக்கிச்சு."

"சிரிக்காம இழு!"

பிசமை இழுத்தாள். தரகர் இழுத்தார். நாற்காலி வரவில்லை. அதோடேயே புன்சோங் கடைசி அறைக்கு நடந்தார், பின்னால் வால் முளைத்த மாதிரி. லம்துவன் ஓடினாள். ஆனால் அவளுக்கு முன்பே அவர்கள் ஜன்னலுக்கு எதிரே போய் நின்றுவிட்டார்கள்.

ஜன்னல் திண்டில் அவளுடைய தலையணை கிடந்தது. வெளிர்நீல உறை. ஓரத்தில் அவள் கையாலேயே போட்ட பூத்தையல்.

புன்சோங் தலையணையைப் பார்த்தார். உடனே கூரையைப் பார்த்தார். "ஓடு நல்லா இருக்கு," என்றார்.

"ரொம்ப நல்ல ஓடு," என்றாள் பிசமை, தரையைப் பார்த்துக்கொண்டு.

கவனிக்கவில்லை, தப்பித்தோம். ஆனால் எத்தனை நாளைக்கு? அந்தப் படபடப்பில், இதுவரை ஒரு பொய்யும் சொல்லிப் பழகாத லம்துவனின் வாயிலிருந்து அது வந்தது.

"காவல்சாமிக்கு இஷ்டமில்லை."

இருவரும் திரும்பினார்கள். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"கனவுல வந்தார்."

"என்ன சொன்னார்?"

"வேண்டாம்னார். அவருக்குச் சத்தம் ஆகாதாம். ஆளுங்க கூட்டம் ஆகாதாம். பேசாம தனியா ஒரு இடத்துல உட்கார்ந்திருக்கணுமாம். காலையிலயாவது."

பிசமையின் கண்கள் கலங்கிவிட்டன. "பாவம், எவ்வளவு நாளா மனசுல வெச்சிருந்திருக்காங்க..."

"காவல்சாமி," என்றாள் லம்துவன் அவசரமாக.

"ஆமா, ஆமா. காவல்சாமிதான்," என்றார் புன்சோங். நாற்காலி ஒருமுறை ஆடி நின்றது.

அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். அன்று சாயங்காலமே முடிவாகிவிட்டது. சாமிக்கு மனக்குறை இருந்தால் குளிர வைக்க வேண்டும். குளிர வைக்க நடனக் காணிக்கை செலுத்த வேண்டும்.

"அவருக்குத்தான் சத்தம் ஆகாதே!" என்றாள் லம்துவன்.

"அதெல்லாம் யோசிச்சுட்டோம்க்கா. நீங்க கவலையே படாதீங்க."

மறுநாள் விடிந்ததும் வாழைப்புதருக்குப் பின்னால் செங்கல்லில் கால் வைத்து உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பள்ளி முற்றம் முழுக்கக் கிழவிகள். வரிசையாக நின்று, கையை வளைத்து, விரலை விரித்து, துளிச் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். பிசமை முன்னால் நின்று உதட்டை மட்டும் அசைத்துத் தாளம் எண்ணினாள். ஓரத்தில் புன்சோங் மத்தளம் வாசித்தார், தோலைத் தொடாமல். ஒருத்தி மட்டும் தும்மினாள். அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

புன்சோங் லம்துவனைப் பார்த்துப் பெருமையோடு உதட்டில் விரல் வைத்தார்.

வாரம் முழுக்க இதே கதை. லம்துவன் தாங்காமல் இன்னொரு கனவு கண்டாள்.

"காலையில யாருமே அந்தப் பக்கம் வரக்கூடாதாம்."

"யாருமேயா?"

"யாருமே. கட்டடமும் வேண்டாம், நடனமும் வேண்டாம்னுட்டார். கண்டிப்பா சொன்னார்."

புன்சோங் பிசமையைப் பார்த்தார். பிசமை தலையசைத்தாள். "ரெண்டு தடவை சொல்லிட்டார்," என்றாள் திருப்தியாக.

அடுத்த நாளிலிருந்து முற்றம் காலியானது. ஆனால் வேலிக்கு வெளியே இரண்டு மடக்கு நாற்காலிகள் முளைத்தன. சாமியை யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்ள முறை வைத்துக் காவல்.

"நீங்க உள்ள போங்கக்கா. சாமி உங்ககிட்டதானே பேசறார்," என்று கம்பியை விலக்கிப் பிடித்தார்கள். ஒருத்தி கஞ்சிகூடக் கொண்டுவந்திருந்தாள்.

லம்துவன் போய்த் திண்டில் உட்கார்ந்தாள். வெளியே குரல்கள் கேட்டன.

"ஷ்! மெதுவா மூச்சு விடு."

"நான் விடலைடி. அது அந்தக் குயிலு."

"அதை விரட்டு!"

குயிலை விரட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

பாங்காக்கில் காதுக்குள்ளேயே ஊர் பேசியபோதுகூட இத்தனை இரைச்சல் இல்லை என்று லம்துவன் நினைத்தாள். கோபம் வரவில்லை. கோபித்துக்கொள்ள முடியாதவர்களாக இருந்ததுதான் அவளைத் திணறடித்தது. எழுந்து வெளியே வந்தபோது பிசமை காத்திருந்தாள்.

"அக்கா, காவல்சாமிக்குச் சுவருக்கு என்ன கலர் பிடிக்கும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"வெளிர்நீலம்தான் அடிக்கலாம்னு இருக்கோம். உங்க ரூம் திரையெல்லாம் அதானே... அதாவது, சாமிக்கும் குளிர்ச்சியா இருக்கும்."

கடைசிக் கூட்டத்துக்கு லம்துவன் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். இன்றைக்குச் சாமியைக் கூப்பிடக் கூடாது என்று தீர்மானித்திருந்தாள். கனவும் கிடையாது. அவளே எழுந்து, அவள் வாயால் சொல்லிவிட வேண்டும்.

"வாங்கலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க!" என்றார் புன்சோங்.

அத்தனை கைகளும் உயர்ந்தன. தோளைத் தூக்க முடியாதவர்கள் பக்கத்துக்காரரின் உதவியோடு உயர்த்தினார்கள். லம்துவனின் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

"அக்கா, கடைசியா காவல்சாமி என்ன சொல்றார்?"

லம்துவன் வாயைத் திறப்பதற்குள் முதல் வரிசையில் ஒரு கைத்தடி தரையைத் தட்டியது. தோங்பாய். எல்லோருக்கும் மூத்தவள் என்பதால் பெரியக்கா. சர்க்கரை வியாதி, காது மந்தம், எந்தக் கூட்டமானாலும் தூக்கம். இப்போது விழித்திருந்தாள்.

"டேய் புன்சோங், இன்னும் எத்தனை நாளைக்குடா இந்தக் கூத்து?"

"பெரியக்கா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அவங்க சங்கடப்படுவாங்க."

"சும்மா இருந்து இருந்துதான் எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. சோடா வெச்சு ரெண்டு நாளாச்சு!" தோங்பாய் உடம்பை முழுவதுமாகத் திருப்பி லம்துவனைப் பார்த்தாள். "நீ தினம் நுழையறதைப் பார்த்து இவங்ககிட்ட சொன்னதே நான்தான்டி. விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கப்போறேன்னு செங்கல்லு வெச்சவன் இவன். ரப்பர் சுத்தினவ பிசமை. சோடாவைச் சாமிகிட்ட கேட்டுட்டுத்தான் குடிச்சேன், டாக்டர்கிட்ட மூச்சு விடாதே. பாட்டு மண்டபமாவது, காளானாவது! உனக்குப் பிடிச்ச இடம், வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படறேன்னுதான், ஊரே சேர்ந்து அதை உனக்காக வாங்குது."

கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள். பிசமை லம்துவனின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

லம்துவனுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. தான் சொன்ன ஒவ்வொரு 'வேண்டாம்' என்பதையும் இவர்கள் எப்படி எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று இப்போது புரிந்தது. முதலாவது மரியாதை. சாமி ரெண்டு தடவை சொன்னதும் சேர்ந்து கூச்சம். யாரும் அவள் பேச்சை இவ்வளவு தப்பாகவும் இவ்வளவு பிரியமாகவும் காதில் வாங்கியதில்லை.

புன்சோங் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தார். அது இல்லாமல் அவர் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"ஜன்னல் ரூம் உங்களுக்குத்தான் அக்கா. நாங்க எல்லாரும் கூடவே இருப்போம், பக்கத்து ரூம்ல, சத்தமே போடாம. தனியா விட்டுர மாட்டோம். வாங்கிரலாம், சரிதானே?"

மூன்றாவது முறை.

லம்துவன் பிசமையின் கையை மெதுவாக விலக்கினாள். எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமவில்லை.

"வேண்டாம், தம்பி," என்றாள்.