மிச்சம் வைக்கிற லேத்துக்காரர்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே ஒயின் குடிக்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் லேத்துக்காரர்தான் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன். அவர் அதை எவர்சில்வர் டம்ளரில் குடிப்பார் என்று சொன்னால், ஒயினைச் சுழற்றி மோந்து பார்க்கிற கூட்டம் என்னை அடிக்க வரும். வரட்டும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் முப்பது வருஷம் லேத் பட்டறை வைத்து, மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தவர். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டோடு சரி. பட்டறையை விட்ட பிறகும் சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் அவர் வெர்னியர் காலிப்பர் வைத்திருப்பார். ஒரு நாள் காலையில் தோசையின் கனத்தை அளந்து, ஓரத்தில் அரை மில்லிமீட்டர் கூடுதல் என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாளை நாங்கள் அக்கா என்போம். அடுத்த நான்கு நாளைக்கு அந்த வீட்டில் அளப்பதற்குத் தோசையே இல்லை.

இதய டாக்டர் அவருக்குப் பிராந்தியை நிறுத்தச் சொன்னார். ஒயினைப் பற்றி டாக்டர் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காததை அனுமதி என்று இவர் எடுத்துக்கொண்டார். சந்தேகத்துக்கு எதிர்வீட்டு டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டார். எதிர்வீட்டுக்காரர் ரிட்டயரான மாட்டு டாக்டர். மாடுகள் ஒயின் குடித்துத் தாம் பார்த்ததில்லை, கெட்டுப்போனதாகவும் கேள்விப்பட்டதில்லை என்று அவர் சான்றிதழ் கொடுத்தார். கொடுத்த கையோடு தாமும் சேர்ந்துகொண்டார். லேபிள் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருக்கும் நான் மூன்றாவது ஆள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. ஒரே ஒரு பாட்டில், மூன்று டம்ளர். பாட்டிலைத் திறக்க லேத்துக்காரர் தம் கையாலேயே ஒரு திருகாணி கடைந்து வைத்திருந்தார். அசல் ஸ்டீல், ஒரு கிலோவுக்குக் கூட இருக்கும். அதைப் போட்டுத் திருகினால் கார்க் வரும். சில வாரம் பாட்டிலின் கழுத்தும் கூடவே வரும். அப்போது அக்காவின் காபி வடிகட்டி கைகொடுக்கும்.

இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. பாட்டிலின் அடியில் ஒரு வாய் மிஞ்சும் பாருங்கள், அங்கேதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கும். கடைசியாக இருப்பதைத் தானே எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. லேத்துக்காரர் டாக்டர் பக்கம் பாட்டிலை நகர்த்தி, நீங்க எடுத்துக்குங்க என்பார். டாக்டர் என் பக்கம் நகர்த்துவார். நான் வீட்டுக்காரருக்குத் திருப்பி அனுப்புவேன். பாட்டில் மேசையைச் சுற்றும். நடுவில் மழை, மாட்டுத் தீவனம், மேட்டுப்பாளையம் ரோட்டுக் குழி எல்லாம் பேசி முடித்திருப்போம். அக்கா வந்து அரிசிம்பருப்பு சாதம் ஆறுகிறது என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கொல்லையில் இருக்கிற கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிற வரை, குறைந்தது நாற்பது நிமிஷம் ஓடும். அந்தச் செடி ஓட்டுக்கு மேலே வளர்ந்து நின்றது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த எங்கள் வாழ்க்கையில் நான்தான் மண் அள்ளிப் போட்டேன். ஒரு ஒயின் கம்பெனி லேபிள் வேலைக்காக என் பிரஸ்ஸுக்கு வந்தது. ஒரு ஆள் ஒரு வேளைக்குக் குடிக்கிற அளவை மட்டும் தனியாக அடைத்து விற்கப் போகிறார்களாம். அட்டைப் பெட்டியில் ஸ்ட்ரா ஒட்டி ஒன்று, சோடா டின் மாதிரி ஒன்று, பிளாஸ்டிக் கிளாஸிலேயே ஊற்றி மேலே தகடு ஒட்டி ஒன்று. 'உனக்கே உனக்காக' என்று தமிழில் லேபிள் அடிக்க வேண்டும். கூடவே, ஒயின் பழக்கம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் அபிப்பிராயம் வாங்கிக் கொடுங்கள் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒயின் உலகம் மொத்தமே அந்த மேசைதான்.

முதலில் அட்டைப் பெட்டி அங்கே போயிற்று. அச்சு முடியாத சாம்பிள். எழுத்து ஒன்றும் இல்லை, திராட்சைக் கொத்துப் படம் மட்டும். லேத்துக்காரர் அளந்து பார்க்கலாம் என்று ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து அவருடைய சம்பந்தி அவிநாசியில் சாமி கும்பிட்டுவிட்டு நேராக வந்து சேர்ந்தார். நெற்றி நிறைய விபூதி. டீகூடக் குடிக்காத மனுஷர். வெயிலில் வந்தவருக்கு அக்கா ஜூஸ் என்று நினைத்து அதை எடுத்துக் கொடுத்துவிட்டார். லேத்துக்காரர் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது சம்பந்தி ஸ்ட்ராவில் அடிச்சத்தம் கேட்கிற வரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா, என்னவென்று சொல்வது? சம்பந்தியே பேசினார். "உடம்புக்குக் குளுகுளுன்னு இருக்குதுங்க மச்சான். இன்னொன்னு இருக்குதுங்களா?"

அட்டைப் பெட்டி பற்றி லேத்துக்காரர் கம்பெனிக்கு எழுதிய அபிப்பிராயம் ஒரே வரி: சம்பந்தி உள்ள வீட்டுக்கு ஆகாது.

டின்னை அவர் வாயில் வைக்கவே இல்லை. டின்னில் வருவது கிரீஸ் என்று சொல்லிவிட்டார். பிளாஸ்டிக் கிளாஸைத்தான் முறையாகச் சோதித்தோம். மேல் தகட்டை நகத்தால் கிழிக்க முடியாமல் கடைசியில் கட்டிங் பிளேயர் போட்டு இழுத்தார். தகடு வந்தது. பாதி ஒயின் டாக்டரின் வெள்ளைச் சட்டைக்குப் போயிற்று. டாக்டர் அதே கோலத்தில் தெருவைத் தாண்டி வீட்டுக்குப் போக, பிரசவம் பார்த்துவிட்டு வருகிறார் என்று நினைத்து ஒருவர் என்ன கன்று என்று விசாரித்தார்.

கம்பெனி கேட்டபடி, குடித்த கிளாஸ்களை அப்படியே மூடித் திருப்பி அனுப்பினோம். பத்து நாளில் அடுத்த சாம்பிள் வந்தது. கிளாஸ் சற்றுச் சின்னது. குடித்து அனுப்பினோம். அதற்கடுத்தது இன்னும் சின்னது. நான்காவது தடவை வந்ததைப் பார்த்துவிட்டு அக்கா, குழந்தைக்குக் கிரைப் வாட்டர் ஊற்றுகிற மூடியா என்று கேட்டார். லேத்துக்காரர் காலிப்பரை எடுத்து அளந்து, கம்பெனிக்காரனுக்கு என்னமோ கஷ்டம் போலிருக்கிறது என்று வருத்தப்பட்டார்.

கஷ்டம் எங்களால்தான் என்று, கம்பெனியின் மார்க்கெட்டிங் பெண் நேரில் வந்தபோதுதான் தெரிந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த தமிழ்ப் பெண். திரும்பி வந்த ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு வாய் மிச்சம் இருந்ததாம். அளவு அதிகம் என்று நினைத்து அவர்கள் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். நாங்களும் ஒவ்வொரு முறையும் மிச்சம் வைத்துக்கொண்டே போயிருக்கிறோம். வைத்தது எங்களுக்கே தெரியவில்லை. டேஸ்ட் பிடிக்கவில்லையா சார் என்று அந்தப் பெண் கேட்டது.

"ஒயினுக்கு ஒரு கொறையும் இல்லீங்க அம்மணி. கடைசி வாயை நாமளே எடுத்துக்கறது நல்லாவா இருக்குமுங்க? பக்கத்துல டாக்டர் உக்காந்திருக்கறாரு."

"அது உங்க கிளாஸ்தானே சார்? அவருக்குத் தனியா ஒண்ணு இருக்கே."

லேத்துக்காரர் அந்தச் சின்னக் கிளாஸைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆளுக்கொரு கிளாஸு, ஆளுக்கொரு மூடி. அவியவிய கிழிச்சு அவியவிய குடிக்கறதுக்கு, நாங்க எதுக்குங்க அம்மணி ஒண்ணா உக்காரோணும்?"

அந்தப் பெண் கொண்டுவந்திருந்த அபிப்பிராய ஃபாரத்தில் எதுவும் எழுதாமல் மடித்துப் பைக்குள் வைத்தது. அக்கா விடாமல் உட்கார வைத்துச் சாதம் போட்டார். சாப்பிட்டு முடிக்கையில் தட்டில் ஒரே ஒரு அப்பளம் இருந்தது. அந்தப் பெண் அதை லேத்துக்காரர் பக்கம் தள்ளி, நீங்க எடுத்துக்குங்க சார் என்றது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பத்து வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தக் கிளாஸ் ஒயின் எங்கள் பக்கத்தில் கடைக்கு வரவே இல்லை.

அக்காவுக்கு மூட்டுவலி அதிகமாயிற்று. மெல்போர்னில் இருக்கிற மகள் வந்து இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். கிளம்புகிற அன்றைக்கு லேத்துக்காரர் வீட்டுச் சாவியையும் திருகாணியையும் என்னிடம் கொடுத்தார். "இதைக் கொண்டுபோனா ஆயுதமுன்னு புடிச்சு உள்ள வெச்சுப்போடுவாங்க தம்பி. ஆறு மாசம். வந்துபோடறேன்."

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. டாக்டரும் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமை போய்க் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். வெறும் தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, இலை சுருங்குகிறது. ஊர்க் கதை பேச ஆளில்லாமல் சாவியைப் பூட்டில் திருப்பும்போது எனக்கு அழுகை வந்துவிடுகிறது. வீட்டை விற்றுவிடலாம் என்று மகள் சொல்கிறாள். தை பிறக்கட்டும், வந்து பார்த்துச் சொல்கிறேன் என்று லேத்துக்காரர் ஒவ்வொரு வருஷமும் தள்ளிப் போடுகிறார்.

போன வாரம் வீடியோவில் கூப்பிட்டார். இளைத்திருந்தார். சட்டைப் பையில் காலிப்பர் இருந்தது. மாப்பிள்ளை தொடமாட்டார், முழு பாட்டில் வாங்கினால் வீணாகிறது என்று, அங்கே கடையில் விற்கிற தகடு ஒட்டிய கிளாஸ் ஒன்றை வாங்கி வந்திருந்தார். என்னிடம் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு வாய் சிவப்பாக ஆடியது.

நான் பழைய ஃபாரத்தை நினைத்துக்கொண்டு, உங்கள் அபிப்பிராயம் என்ன அண்ணா என்று கேலியாகக் கேட்டேன்.

"தகடு சுலபமா கிழியுதுங்க. ஒரு சொட்டு சிந்தலை. வேலை சுத்தம்." கிளாஸை மேசையில் வைத்தார். "காலைல இருந்து இந்த ஒரு வாய் மேசைமேலயே இருக்குது தம்பி. யாருகிட்ட நகத்தறதுன்னு தெரியலை."

"நீங்களே எடுத்துக்குங்கண்ணா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அய்யோ, அதெப்படிங்க. நீங்க எடுத்துக்குங்க."

நான் மாட்டேன் என்றேன். அவரும் மாட்டேன் என்றார். நடுவில் மழையைப் பற்றிக் கேட்டார், ரோட்டுக் குழியை மூடிவிட்டார்களா என்று கேட்டார். அக்கா வந்து ஃபோனைப் பிடுங்கும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

தைக்கு ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன், அண்ணா. பெரிய பாட்டில்தான். நீங்கள் வந்து கழுத்தை உடையுங்கள்.