மர்ஸூக் நானா வைத்த சிறுத்தை

மர்ஸூக் நட்டுவைத்த மூன்றாவது பலகையின் ஆணியிலேயே யாரோ குப்பைப் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். 'இங்கே குப்பை போடாதீர்கள்' என்ற எழுத்தின் மேல் மீன் கழுவிய தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

மர்ஸூக்குக்கு வயிறு எரிந்தது. பதுளை பஜாரில் புடவைக் கடை வைத்திருக்கும் மனிதருக்கு, ஸ்பிரிங்வெளி வீதி வளைவில் விழும் குப்பையால் என்ன வந்தது என்று கேட்கலாம். கேட்டவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் ஒழுகும் குழாயை மூடாமல் அவரால் தாண்டிப் போக முடியாது. நடைபாதையில் வாழைப்பழத் தோல் கிடந்தால் குனிந்து எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. அவருடைய ஊர், அவருக்குத்தானே வலிக்கும்.

"குப்ப அள்ளுற ரஜீவ் ட்ரெக்டர கொண்டுவந்து வாசல்லயே நிப்பாட்டுறான். அதுல போடுறதுக்கு என்ன கேடு?" என்று வீட்டில் குதித்தார்.

"நீங்க நிக்காஹ் செஞ்சது என்னயா, இந்த டவுனயா?" என்றாள் மனைவி நளீரா.

மர்ஸூக்கின் கண் அலுமாரியின் மேல் போயிற்று. கல்யாணமாகிப் போன மகள் இஸ்ரா விட்டுச்சென்ற சிறுத்தைப் பொம்மை அங்கே தூசி படிந்து கிடந்தது. கன்றுக்குட்டி அளவு இருக்கும். ஒரு கண் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது.

"மத்தக் கண்ணுக்கு ஒரு பொத்தான் தச்சித் தா."

"எனக்கு வேற வேல இல்லயா?"

அதற்கெல்லாம் காத்திருக்கும் ஆள் இல்லை அவர். விடியற்காலை சுபஹ் தொழுகை முடிந்த கையோடு ஒற்றைக்கண் சிறுத்தையைத் தூக்கிக்கொண்டு போய், வளைவில் மானாப்புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் ஒரு பை கூட விழவில்லை. மர்ஸூக் கடையில் வருவோர் போவோருக்கெல்லாம் காரணம் சொல்லாமல் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சந்தோஷம் அன்று பின்னேரமே போயிற்று. கடைக்கு முன்னால் வடை வண்டி போடும் ஜீவராணி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"நானா, சங்கதி தெரியுமா? வளைவுல சிறுத்த! எங்க லயத்து நாயக் கூட காணோம்!"

"நாய் எங்கயாச்சும் ஊர் சுத்தப் போயிருக்கும்."

"ரெண்டு குட்டியும் இருக்காம், நானா!"

பொம்மை ஒரே நாளில் குட்டி போட்டதைக் கேட்டு மர்ஸூக்குக்குச் சிரிப்பு வந்தது. பஜாரைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. தீபாவளிக்கு ஒரு கிழமைதான் இருந்தது. தேயிலைத் தோட்டத்துச் சனம் அட்வான்ஸ் வாங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, பின்னேரம் அந்த வளைவைத் தாண்டித்தான் டவுனுக்கு இறங்கும். அன்று ஒருவரையும் காணவில்லை. ஜீவராணியின் வடை சட்டியிலேயே ஆறிப்போனது.

"இந்த யாவாரத்த நம்பித்தான் புள்ளைங்களுக்குப் புதுத்துணி எடுக்க இருந்தேன்," என்றாள். "ஒங்க கடையிலதான் எடுக்கிறதா இருந்தேன், நானா."

அதற்குப் பிறகு மர்ஸூக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்கும் தெருவுக்குமாக நடந்தார். பொம்மையை ரகசியமாக எடுத்துவிடலாம்தான். ஆனால் சனத்தின் மனதில் இருக்கும் சிறுத்தையை யார் எடுப்பது?

முதலில், சிறுத்தையே கிடையாது என்று சொல்லிப் பார்த்தார். 'யாவாரம் படுத்துப்போச்சு, பாவம், அதுதான் மூடி மறைக்கிறாரு' என்றார்கள்.

பிறகு, சிறுத்தை நமுனுகுல மலைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார். மறுநாளிலிருந்து நமுனுகுல சனமும் வரவில்லை.

கடைசியில், ஊரின் பயத்தை விரட்டுவதற்காக வளைவுக்குக் கீழே நின்று ஒரு கட்டு பட்டாசு கொளுத்தினார்.

"சிறுத்த இல்லாட்டி நானா எதுக்கு வெடி கொளுத்துறாரு?" என்று கேட்டுவிட்டு, ஆட்டோக்காரர்களும் அந்தப் பாதையை விட்டுவிட்டார்கள்.

இரண்டு நாள் புரண்டு புரண்டு படுத்தார். மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்தபடியே நளீராவிடம் சொன்னார்.

"எல்லாருக்கும் முன்னால போய் உண்மையச் சொல்லப் போறன்."

"ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்காச்சும் பஜாருக்கு வருவாங்க தானே."

பொழுது சாயும் நேரத்தில் ஜீவராணியையும் கடைக்காரர் சிலரையும் வற்புறுத்தி அழைத்துப்போனார். அவர்கள் வளைவுக்குக் கீழே இருக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார்கள். மர்ஸூக் மட்டும் குடையை ஊன்றியபடி ஏறினார். மானம் போகப்போகிறது என்று தெரிந்தாலும் கால் நிற்கவில்லை.

புல்லுக்குள் படுக்க வைத்த சிறுத்தை இப்போது பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. படுத்துக் கிடந்ததை எவனோ துணிச்சல்காரன் நிமிர்த்தி வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். அந்தி வெளிச்சத்தில் அதன் இரண்டு கண்களும் பளபளத்தன.

மர்ஸூக்கின் மனம் உருகிவிட்டது. வாய் ஓயாமல் திட்டினாலும், தனக்குத் தெரியாமல் வந்து பொத்தான் தைத்துவிட்டுப் போயிருக்கிறாளே நளீரா! இன்றைக்கு அவளுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

சிறுத்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, பாலத்தை நோக்கி இரண்டு கைகளையும் விரித்தார்.

"எல்லாரும் நல்லாப் பாருங்க! இது வெறும் பஞ்சு! குப்பை போடுறவங்களப் பயங்காட்ட நான்தான் கொண்டுவந்து வச்சன். பிழ என்னோடது. பயப்படாம பஜாருக்கு வாங்க!"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஜீவராணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தன் பேச்சு இத்தனை பேரை உலுக்கும் என்று மர்ஸூக் எதிர்பார்க்கவில்லை. அவருக்கே கண் கலங்கியது.

"இன்னும் நம்பலையா? இதுக்குப் பக்கத்துல எவ்வளவு நேரம் வேணுமெண்டாலும் நான் நிப்பன்!"

அப்போது மேலேயிருந்து குப்பை ட்ரெக்டர் இறங்கி வந்து, கொஞ்சம் தள்ளி நின்றது.

"ரஜீவ், நல்ல நேரத்துல வந்த! இந்தப் பொம்மயத் தூக்கிப் போட்டுக்கிட்டு வா, வீட்டுல எறக்கிருவம்."

ரஜீவ் இறங்கவில்லை. இன்ஜினையும் நிறுத்தவில்லை. தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுவதுபோலச் சொன்னான்:

"ஒத்தக்கண்ணு பொம்மைய நேத்தே குப்பையோட ஏத்திட்டேன், நானா... திரும்பிப் பாக்காம, மெதுவா இந்தப் பக்கம் வாங்க."