நீலமாத்திரை

தில்லி முழுக்கச் சலித்தாலும், வெட்கத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் திரிந்த தமிழர் என்று நீலமாத்திரை ஒருவர்தான் தேறுவார். அவருடைய சொந்தப் பெயர் நாங்கள் குடியிருந்த முனிர்காவில் யாருக்கும் தெரியாது. மார்பிள் தரைக்குப் பாலிஷ் போடுபவர். உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி, நடுவே சிவந்த இரண்டு கண்கள், ஊரைக் கூட்டும் குரல்.

பட்டம் வந்த விதம் இது. அவருடைய கைக்குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. ஆபரேஷன் செய்து அடைத்துவிட்டார்கள். நுரையீரலுக்குப் போகிற ரத்தக்குழாய்கள் மட்டும் மூடிய கை போல இறுகியே கிடந்தன. அவற்றைத் தளர்த்த டாக்டர் எழுதிக் கொடுத்தது, ஆண்கள் கடைக்காரரிடம் குனிந்து முணுமுணுத்து வாங்குகிற அதே நீல மாத்திரை. இவர் மாலைக் கூட்டத்தில் நின்று முழுக் குரலில் கேட்டார். யாருக்கு என்று கண்ணடித்தார் கடைக்காரர். "பேட்டி கே லியே", மகளுக்கு என்று இந்தியில் சொன்னார் இவர், அவளுக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை என்பதையும் சேர்த்து. கடைக்காரர் போலீஸுக்கே போன் போடப் போனாராம். டாக்டர் சீட்டை விரித்துக் காட்டியபின்தான் அடங்கினாராம்.

ஒட்டிக்கொண்ட பட்டத்தை இவர் விருதாகச் சூடிக்கொண்டார். மயூர் விஹாரில் தரை தேய்க்கப் போன வீட்டில், ஒரு ரிட்டயர்டு தமிழ் அதிகாரி ஓரமாக அழைத்து ரகசியமாக ஒரு மாத்திரை கேட்டிருக்கிறார். "ஐயாவுக்கு நெஞ்சுல ஓட்டைங்களா? சொல்லுங்க, நம்ம பாப்பா டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போறேன்" என்றாராம் இவர், மேல்மாடிக்கும் கேட்கும்படி.

என் மகனுக்கும் அதே வார்டு, அதே ஓட்டை, அதே மாத்திரை. ஒரு வேளைகூட விடக்கூடாது, திடீரென்று நிறுத்தினால் குழாய்கள் முன்னைவிட மோசமாக இறுகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். லோதி ரோடு பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்துகிற நான், கடை வாசலில் ஆண்கள் கூட்டத்தைப் பார்த்து இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பின்னாலேயே வந்த நீலமாத்திரை சீட்டைப் பிடுங்கினார்.

"குடுங்க டீச்சர். எம்பேர நானே சொல்லிக் கேக்கப் போறேன், இதுல என்ன கூச்சம்."

அதன்பின் இரண்டு குழந்தைகளுக்கும் அவர்தான் வாங்கினார்.

பனி இறங்கிய மாதத்தில் அவர் மகளுக்குச் சளி கட்டியது. உதடு நீலம் பாரிக்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். துணியில் சுற்றித் தூக்கி வந்தார். முனிர்கா சந்தில் அந்தக் குரல் நின்றுபோயிற்று. பட்டம் சொல்லி அழைக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சில வாரங்களில் எங்களுக்கு மாத்திரை தீர்ந்தது. கடையில் சரக்கு வரவில்லை. ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் நானே சத்தமாகக் கேட்டேன், இல்லை. மகனின் அடுத்த வேளை நெருங்கிக்கொண்டிருந்தது. கதவு தட்டும் சத்தம். நீலமாத்திரை. பாதி காலியான மாத்திரை அட்டையை நீட்டினார்.

"நீங்க அலையறீங்கன்னு கடக்காரன் சொன்னான் டீச்சர். இது எங்க பாப்பாவோடது."

பொடித்து, தண்ணீரில் கலக்கி, சிரிஞ்சால் வாயில் விட்டேன். மகன் முகம் சுளித்துக் கொஞ்சம் துப்பினான். அவர் குனிந்து தன் துண்டால் துடைத்துவிட்டார்.

"எங்க பாப்பாவும் இப்டித்தான் துப்பும்."

துப்பும். இறந்தகாலம் அங்கே வரவில்லை. பிள்ளைகளின் வினைச்சொற்களைத் திருத்தித் திருத்தியே பாதி ஆயுளைக் கழித்தவள் நான்.

"ஆமாண்ணே," என்றேன், "துப்பும்."