பெண் பார்க்கப் போய்த் தீயணைத்த கதை

எந்த வேலையிலும் முதல் ஆறு மாதம்தான் ஆபத்து. ஒன்றும் தெரியாதவன் சும்மா இருப்பான். எல்லாம் தெரிந்தவன் யோசித்துச் செய்வான். ஆறு மாதம் கற்றவன் மட்டும் பஸ்ஸில், டீக்கடையில், சலூனில் என்று பார்த்த இடத்திலெல்லாம் தன் வித்தையைக் காட்டுவான். நான் காட்டியது பெண் பார்க்கப் போன வீட்டில்.

அப்போது நான் சென்னையில் விமானப் பராமரிப்பு டெக்னீஷியனாகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். (திண்டிவனத்தில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை நான் பைலட். நானும் திருத்தியதில்லை.) விமானத்தில் பிடிக்கும் தீயைக் கண்டுபிடித்து அணைக்கும் அமைப்பில் எனக்குப் பயிற்சி. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஏற்கெனவே நாலு பெண் வீடுகள் தட்டிப் போயிருந்தன. நாலும் என் வாயால்தான் போயின என்பது அம்மாவின் தீர்ப்பு.

ஐந்தாவது, விழுப்புரம் கோமதி. போனில் வந்த அவள் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் எனக்குத் தூக்கமே போய்விட்டது. இவள் வேண்டும், இவளேதான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அம்மா காரில் ஏறும்போதே எச்சரித்தார்.

"டேய், இந்த எடமாவது அமையணும். ஏரோப்ளேன் பேச்சு எடுத்தே, உன்ன அங்கியே வுட்டுட்டு வந்துடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் வரச் சொல்லியிருந்தார்கள். ஆனால் நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். "ராகு காலத்துல கெளம்பக்கூடாதுபா. முன்னாடியே போயி உக்காந்துக்கலாம்" என்றார் சித்தப்பா. நாலேகாலுக்கே எங்கள் வாடகைக் கார் அவர்கள் வாசலில் நின்றது. அந்த வீடு பதறியது. பஜ்ஜிக்கு மாவுகூடக் கரைக்கவில்லை. அவசரத்துக்கு அவித்த மல்லாட்டையை (வேர்க்கடலைதான்) ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கோமதியின் அம்மா பக்கத்து வீட்டுக்கு டம்ளர் வாங்க ஓடினார்.

நான் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். சத்தியமாக. எனக்கு ஜலதோஷம் வேறு, மூக்கு இரண்டும் அடைப்பு. கோமதியின் அப்பா காணை கிராமத்துப் பக்கம் கரும்பு வைத்திருப்பவர். பேச்சு கொடுக்கவேண்டுமே என்று அவர்தான் கேட்டார்.

"தம்பி, மேல பறந்துக்கினு இருக்கும்போது நெருப்பு புடிச்சா இன்னா பண்ணுவாங்க?"

அம்மா என் தொடையைக் கிள்ளினார். வலிக்கவே இல்லை.

ஆரம்பித்தேன். இன்ஜினைச் சுற்றி மெல்லிய குழாய்கள் ஓடும். உள்ளே வாயு. சூடேறினால் அது விரிந்து ஒரு சுவிட்சை அழுத்தும். பைலட் அறையில் மணி அடிக்கும், சிவப்பு விளக்கு எரியும். ஆனால் ஒரு குழாயின் பேச்சை மட்டும் கேட்டு நம்பிவிட மாட்டார்கள். பக்கத்திலேயே இன்னொரு குழாய் ஓடும். இரண்டும் சொன்னால்தான் தீ. ஒன்று மட்டும் சொன்னால், அந்தக் குழாய்க்குத்தான் ஏதோ கோளாறு.

"ரெண்டு சாட்சி கேக்குதுன்னு சொல்லுங்க" என்றார் அவர், உரித்த மல்லாட்டையை வாயில் போடவும் மறந்து.

"ஆமாங்க. உறுதியானதும் பைலட் மொதல்ல எரிபொருளை அடைப்பார், கரென்ட்ட கட் பண்ணுவார். அப்புறந்தான் தீயணைக்கிற பாட்டில். ஒரு சின்ன வெடி வெடிச்சு பாட்டில் வாயத் தெறக்கும், உள்ள இருக்கிற வாயு இன்ஜின் மேல பாயும். முப்பது செகண்ட் பாப்பாங்க. வெளக்கு அணையலன்னா ரெண்டாவது பாட்டில்!"

அந்த நேரம் பார்த்து உள் அறைக் கதவுக்கு அடியிலிருந்து புகை வந்தது.

வெள்ளையாக, சுருள் சுருளாக, நன்றாகவே வந்தது. கத்த வாயைத் திறந்தேன். ஆனால் நான் பயிற்சி பெற்றவன் அல்லவா? ஒரு சாட்சியை நம்பலாமா? சித்தப்பாவைக் கேட்டேன்.

"சித்தப்பா, அங்க பொக தெரியுதா?"

"ஆமாம்பா, ஒரே பொகையா இருக்குது."

இரண்டு சாட்சியும் சொல்லியாயிற்று. (சித்தப்பாவுக்குக் கண்ணில் புரை. இரண்டு வருஷமாக அவர் பார்ப்பதெல்லாம் புகைதான். ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகவேண்டியவனே நான்தான்.)

"நெருப்பு! எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினேன். சமையலறைக்கு ஓடி, பாலுக்கு அடியில் எரிந்த கேஸை மூடினேன். மெயின் சுவிட்சை இறக்கினேன். காருக்குப் பாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த டிரைவரின் கால்களுக்கு நடுவே கையை விட்டு, சீட்டுக்கு அடியிலிருந்த தீயணைப்பு சிலிண்டரை உருவினேன். அவர் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. திரும்பி ஓடிவந்து, பின்னைப் பிடுங்கி, கதவைத் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். புஸ்ஸென்று ஒரு சிலிண்டர் பவுடரும் போயிற்று.

பவுடர் மெல்ல அடங்கியது. தரையில் ஒரு தூபக்கால், அதன்மேல் கவிழ்த்த கூடை. பக்கத்தில் தலைமுடியை விரித்துப்போட்டபடி, உச்சி முதல் கால் வரை மாவில் புரட்டிய மாதிரி ஓர் உருவம். போட்டோவில் பார்த்த கண்கள் மட்டும் கறுப்பாக இருந்தன.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மன்னிப்புக் கேட்கவில்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

"இன்னா எண்ணுறீங்க?" என்றது உருவம், இருமிக்கொண்டே.

"முப்பது வரைக்கும் எண்ணணுங்க."

டம்ளர்களோடு ஓடிவந்த கோமதியின் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயய்யோ! ஆறு மணிக்குத்தான் வருவாங்கன்னு புள்ள இப்பதான் தலைக்கு ஊத்திக்கினு, சாம்பிராணி போட்டுக் காய வெச்சிக்கினு இருந்தா!"

ஊரே கண்டுபிடித்திருக்கும் அந்த வாசனையை. அடைத்த மூக்கை வைத்துக்கொண்டு நான் கண்டுபிடிக்கவில்லை.

கோமதியின் அப்பா தெருவிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒரே பேஜாரா பூட்ச்சிபா. ராகு காலமானாலும் பரவால்ல, நீங்க கெளம்புங்க" என்றார். திரும்பும் வழியெல்லாம், ஆசைப்பட்ட ஒரே பெண்ணைப் பவுடர் அடித்துத் துரத்திவிட்டேனே என்று அழுகை முட்டியது. மூக்கடைப்பு இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மூன்று நாள் கழித்து கோமதியின் அப்பா போன் செய்தார். "பொண்ணு சரின்னு சொல்றா. ஏன்னுதான் எங்களுக்குப் புரியல."

எனக்கும் புரியவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாள் கோமதியையே கேட்டேன்.

"நெருப்புன்னதும் எல்லாரும் வாசலுக்கு ஓடனாங்க. எங்கப்பா மல்லாட்டைத் தட்ட மறக்காம தூக்கிக்கினு ஓடனாரு, உள்ள நான் இருக்கிறத மறந்துட்டாரு. நீங்க ஒருத்தர்தான் உள்ள வந்தீங்க. லூசுதான், ஆனா உள்ள வர்ற லூசு." நான் மூக்கை உறிஞ்சினேன். அன்று ஜலதோஷம் இல்லை.

மாமியார் வீட்டில் மட்டும் இன்றுவரை எச்சரிக்கை தளரவில்லை. எங்கள் மகளுக்குத் தலை குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுவதென்றால், "மாப்ளைய கடைக்கு அனுப்பியாச்சா?" என்று கேட்ட பிறகுதான் கரித்துண்டுகளைப் பற்ற வைப்பார்கள். நான் சென்னையில் இருந்தாலும் கேட்பார்கள்.

போன மாதம் வல்லத்தில் கோமதியின் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஹோமகுண்டத்தில் சுள்ளி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நான் முன்பின் பார்க்காதவர், உரக்கக் கேட்டார்: "மாப்ளைய கடைக்கு அனுப்பியாச்சா?"

நான் பக்கத்தில் போய், "யாருங்க அந்த மாப்ள?" என்றேன்.

"யாருக்குத் தம்பி தெரியும்? திண்டிவனத்துல யாரோ ஒரு லூசாம். பொக போடறதுக்கு முன்னாடி இப்டி கேட்டுக்கறது எங்க பக்கம் வழக்கம்."

"அப்படீங்களா" என்றேன். கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.