ஒரு ஏர்பேக்கில் மூன்று மாதம்

புதுச்சேரியை அப்படியே மடித்து ஒரு பைக்குள் வைத்துத் தரச் சொன்னாலும் எங்கள் தெரு ஏர்பேக் மதாம் தந்துவிடுவார். கலங்கரை விளக்கைப் படுக்கப் போட்டு, அதற்குள் பெரிய மார்க்கெட்டைச் சுருட்டிச் செருகி, கசங்கிவிடாமல் இருக்கக் கடற்கரையைக் கடைசியாக மேலே விரித்து, ஜிப்பை இழுத்து மூடுவார். மூடிவிட்டு நிமிர்ந்து, "இன்னும் எடம் இருக்குது, அரியாங்குப்பத்தையும் எடுத்தாங்க" என்பார்.

அவருடைய நிஜப் பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது; அம்மா என்பதற்குப் பிரெஞ்சு வழக்கில் மதாம், அவ்வளவுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். மதாம் அப்படி ஒரு சொல்தாவின் விதவை. பிள்ளைகள் எல்லோரும் பிரான்சில். அவர்கள் டிக்கெட் அனுப்பும்போதெல்லாம் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருவார். அந்த மூன்று மாத வாழ்க்கையும் ஒரு நீல ரெக்ஸின் ஏர்பேக்கில் அடங்கிவிடும். எழுபதுகளில் விமானக் கம்பெனிக்காரர்கள் சும்மா கொடுத்த பை அது. நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுக் கூடையைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

எனக்கு அவரைக் கண்டால் வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? நான் கணக்கு டீச்சர். இரண்டு நாள் வேளாங்கண்ணிக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் டிரங்குப் பெட்டி, ஹோல்டால், பம்பு ஸ்டவ், அதற்கு மண்ணெண்ணெய், மழை வந்தால் குடை, வராவிட்டால் விசிறி, யாருக்காவது வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம், வராவிட்டால் அதே எலுமிச்சம்பழத்துக்குச் சர்க்கரை என்று பஸ் கூரையில் பாதியை நான்தான் பிடித்திருப்பேன். அதே பஸ்ஸில் மதாம் கைக்குட்டையை மட்டும் வீசிக்கொண்டு ஏறுவார். என் வீட்டுக்காரர் கூரையில் சாமான் கட்டி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்தியா மதாமை?" என்பார். என் கல்யாண வாழ்க்கையில் இந்த "பாத்தியா"வைக் கேட்ட அளவுக்கு வேறு எந்தச் சொல்லையும் நான் கேட்டதில்லை.

மதாம் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கவில்லை. முதல் பயணத்தில் அவரும் பெரிய பெட்டியோடுதான் கப்பலேறினாராம். மதாம் ஒரு துறைமுகத்தில் இறங்க, பெட்டி வேறொரு துறைமுகத்தில் இறங்கிவிட்டது. அந்தப் பயணம் முழுக்க மருமகளின் நைட்டியோடு கோயிலுக்குப் போய்வந்தார். அன்றோடு சரி. "எனக்கு வேண்டியது என் தோள்ல தொங்கணும். தொங்காதது எனக்கு வேண்டியதில்ல" என்பது அவருடைய கட்டளை ஆகிவிட்டது.

புடவையை மடிக்கமாட்டார், பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டுவார். சுருளுக்குள் ரவிக்கை, ரவிக்கைக்குள் உள்பாடி, அதற்குள் தைலப் புட்டி. காலுறைக்குள் காய்ந்த மிளகாய். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியில் அறுத்துவிடுவார். சோப்பு கிடையாது. "அங்க இருக்கறவங்க எல்லாம் சோப்பு இல்லாம நாறிக்கிட்டா இருக்காங்க?"

ஒருமுறை ஜெபப் புத்தகத்திலேயே கை வைத்துவிட்டார். தங்கப்போகும் மூன்று மாதத்துக்கு உண்டான பக்கங்களை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அலமாரியில் வைத்தார். விஷயம் கோயில் சாமியார் காதுக்குப் போய், அவரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இன்னா மதாம் இது, வேதத்தை அறுத்துட்டீங்களாமே?"

"ஆமா சாமி. கிறிஸ்மஸுக்குள்ள திரும்பி வந்துடுவேன். கொழந்த சேசு பொறக்கறதை இப்பவே எதுக்குத் தூக்கிக்கிட்டு அலையணும்?"

சாமியார் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பையில் கொள்ளாததை உடம்பில் கட்டிக்கொள்வார். விமானத்தில் ஏறும்போது மூன்று புடவை, அதற்கு மேல் மகனின் பழைய ஸ்வெட்டர். நடந்து வருகிற வைக்கோல் போர் மாதிரி இருக்கும். ஏறியதும் பாத்ரூமுக்குப் போய் ஒரு சுற்றைக் கழற்றிக்கொண்டு வந்து, சீட்டுக்கு அடியில் செருகிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சுற்று. பக்கத்து சீட்டில் இருந்த காரைக்கால்காரர் ஒருவர் பயந்துபோய், "அம்மா, ஒவ்வொரு தடவை போய்ட்டு வரும்போதும் எளைச்சுக்கிட்டே வர்றீங்களே, டாக்டரைக் கூப்பிடச் சொல்லட்டுமா?" என்று கேட்டாராம். இதை மதாமே தெருவில் நடித்துக் காட்டுவார். தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். என் மகள் ஜோஸ்பின் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

இவ்வளவு சிக்கனம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். விமானத்தில் ஒரு பெரிய பெட்டியும் அனுமதிப்பார்களே? அனுமதிப்பார்கள். அந்தப் பெட்டி ஊருக்கு. எங்கள் ஊரில் ஒருவர் பிரான்சுக்குப் போகிறார் என்று தெரிந்தால் போதும், அங்கே பிள்ளையோ தம்பியோ இருக்கிற வீடெல்லாம் பொட்டலத்தோடு வந்து நிற்கும். ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடகம். மற்றவர்கள் "எடம் இல்லீங்களே" என்று மென்று விழுங்குவார்கள். மதாம் பெட்டியை வாசலில் திறந்து போட்டுவிட்டு, சுங்க அதிகாரி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

"டப்பா எதுக்கு? உம் மவன் டப்பாவையா தின்னப் போறான்? கொட்டு இதுல."

அப்படித்தான் ஒரு வருடம் எல்லோருடைய வடகத்தையும் டப்பாவிலிருந்து எடுத்து, உருண்டை உருண்டையாகப் பெட்டியின் சந்து பொந்தெல்லாம் அடைத்துவிட்டார். வெங்காயமும் கடுகும் பிசைந்து வெயிலில் காயவைத்த உருண்டை. எந்த வீட்டு உருண்டையும் கறுப்பாகத்தான் இருக்கும். பாரிசில் போய்ப் பெட்டியைத் திறந்தால் எது யாருடையது என்று மதாமுக்கே தெரியவில்லை. கலங்கவே இல்லை. ரேஷன் மாதிரி ஆளுக்கு இத்தனை என்று அள்ளிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த மாதம் பாரிசில் இருக்கும் என் தம்பி எழுதினான்: "அக்கா, இந்த வருஷம்தான் உன் வடகம் வாயில் வைக்கிற மாதிரி இருந்தது."

நான் மதாம் வீட்டுக்குப் போய், யாருடைய வடகத்தை என் தம்பிக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். மதாம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லாருந்துச்சுன்னானா, இல்லியா?"

"நல்லாருந்துச்சாம்."

"அப்ப உங்குளுது இல்ல டீச்சர். தைரியமா இருங்க."

இந்த மதாமிடம்தான் என் மகள் போய் விழுந்தாள்.

ஜோஸ்பினுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை முன்னால் பிரான்சுக்குப் போய்விட்டார். அவளுக்குக் காகிதமெல்லாம் சரியாகிப் புறப்படும் நாள் வந்தபோது எண்பதுகளின் நடுப்பகுதி. ஒரே பெண். மூன்று மாதத்துக்கு இல்லை, மொத்தமாகப் போகிறாள். என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான், பெட்டி கட்டுவது. இட்லித் தட்டு, அஞ்சறைப் பெட்டி, மாதா சுரூபம், காய்ச்சலுக்கு, இருமலுக்கு, பயத்துக்கு என்று மருந்து. எல்லாவற்றுக்கும் மேலாக அவளுடைய தலையணை. பிறந்ததிலிருந்து அவளுக்கு வேறு தலையணையில் தூக்கம் வராது. இலவம்பஞ்சைப் பிரித்து வெயிலில் போட்டு அடித்து, புது உறை தைத்து வைத்திருந்தேன்.

அவள் சாயங்காலமானால் மதாம் வீட்டுக்குப் போவாள். திரும்பி வரும்போது அவள் வாயில் மதாம்தான் பேசுவார். "அம்மா, மதாம் சொல்றாங்க, இட்லித் தட்டு அங்கயே கெடைக்குமாம்." "அம்மா, மதாம் சொல்றாங்க, பெட்டி ஊருக்காம், கைப்பைதான் நமக்காம்." என் கண்ணெதிரே என் பெண்ணின் பெட்டியில் அடுத்த வீட்டு ஊறுகாய் ஏறியது, எதிர் வீட்டு அப்பளம் ஏறியது. மாதா சுரூபம் மட்டும் காலுறைக்குள் தலைகீழாகப் போக அனுமதி பெற்றது. கடைசியில் தலையணையைத் தூக்கிக்கொண்டு நானே மதாமிடம் போனேன்.

"மொந்தியே, ஆண்டவரே! டீச்சர், பையில காத்துக்கு எடம் குடுக்கக் கூடாது. தலாணியில பாதி காத்துதான்."

"அவளுக்கு வேற எதுலயும் தூக்கம் வராது."

"அவ புருசனுக்குக் கையில்லியா? அதும்மேல தல வெச்சுத் தூங்கட்டும்."

ஜோஸ்பின் சிவந்துபோய்ச் சிரித்தாள். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் பெண் ஒரு தேசத்தை விட்டுப் போகிறாள், அவள் பெட்டியில் ஒரு தெருவே இருக்கிறது, நான் மட்டும் இல்லை.

புறப்படும் நாள் காலையில் வேன் பிடித்து மீனம்பாக்கம் கிளம்பினோம். நாங்கள், ஜோஸ்பின், கேட்காமலேயே முன்சீட்டில் ஏறிக்கொண்ட மதாம், என் மடியில் தலையணை. வேன் நகர்ந்த பிறகும் மூன்று வீட்டுக்காரர்கள் ஓடிவந்து ஜன்னல் வழியாகப் பொட்டலம் நீட்டினார்கள். மதாம் மூன்றையும் வாங்கினார். வாங்கத்தான் அவருக்குத் தெரியும்.

விமான நிலையத்தில் பெட்டியைத் தராசில் வைத்த பையன் முகத்தைச் சுளித்தான். "எடை ரொம்ப ஜாஸ்தி. எதையாவது எடுங்க. இல்லேன்னா பணம் கட்டுங்க." அவன் சொன்ன தொகையைக் கேட்டு என் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்த யாருடைய பெட்டி மேலோ உட்கார்ந்துவிட்டார்.

"ஊர் சாமானை எடுங்க மதாம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"கை நீட்டி வாங்கிட்டேனே டீச்சர். அங்க பசங்க வாயத் தொறந்துக்கிட்டு ஒக்காந்திருக்கும்."

"எம் பொண்ணு இங்க நின்னுக்கிட்டிருக்கா!"

நின்றுகொண்டிருந்தவள் பெட்டியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். "மதாம், எனக்கு அந்தத் தலாணி வேணும்" என்றாள். சொல்லிவிட்டு ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி அழுதாள்.

மதாம் "இதை அப்பவே சொல்றதுக்கு இன்னாடி?" என்று அதட்டிவிட்டு, விமான நிலையத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெட்டிக்குள் கையை விட்டு, அடியிலிருந்து நியூஸ்பேப்பர் சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தை உருவி என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "மிசே, இதை வேன்ல வைங்க." தராசு முள் இறங்கியது. பையன் தலையாட்டினான். அது மதாம் தன் கடைசி மகனுக்கு வைத்திருந்த பலகாரம் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

பிறகு ஜோஸ்பினின் கைப்பையைத் திறந்தார். வாரக்கணக்கில் தானே சுருட்டி வைத்த கோட்டையும் ஸ்வெட்டரையும் வெளியே இழுத்து, மத்தியானப் புழுக்கத்தில் அவளுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிவிட்டார். தலையணையைத் தரையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, காற்று போனதும் இரண்டாக மடித்து உள்ளே திணித்தார். ஜிப் பாதி வழியில் நின்றுவிட்டது. மதாம் இழுத்தார், திட்டினார், முட்டியால் அழுத்தினார். மூடவில்லை. கடைசியில் தன் மாராப்பில் குத்தியிருந்த ஊக்குகளை எல்லாம் கழற்றி அந்த வாயைத் தைத்து விட்டார். நடுவில் வெள்ளை உறை எட்டிப் பார்த்தது. என் வெற்றியைக் கண் குளிரப் பார்த்தேன்.

அந்தக் குளிர்ச்சியும் நிலைக்கவில்லை. உள்ளே போகுமுன் ஜோஸ்பின் திரும்பி ஓடிவந்து கட்டிக்கொண்டது முதலில் மதாமை. அவர்தான் கிட்டத்தில் நின்றார் என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை சாதிக்கிறார்.

திரும்பும் வழியில் வேனில் நானும் மதாமும் பின்சீட்டில். நான் அழுவதற்குத் தயாராகத்தான் இருந்தேன்; முந்தானையைக்கூட எடுத்துவிட்டேன். மீனம்பாக்கம் தாண்டவில்லை, மதாம் முந்திக்கொண்டார். மார்பில் அடித்துக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கும்படியாக அழுதார். பெற்றவள் நான். அவர் முதுகைத் தடவிக்கொண்டு, "போதும் மதாம், போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்ததும் நானேதான். ஒரு கையால் மாராப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தார். நெய் உருண்டை; கடைசி மகனுக்கென்றே அவர் வழக்கமாகப் பிடிக்கிற பலகாரம்.

"உங்க சின்னவனுக்காச்சே இது?"

"அவனுக்கு ஒடம்பு பெருத்துப் போச்சு, ஆவாது. நீ தின்னு." முதல் முறையாக என்னை "நீ" என்றார். அழுதுகொண்டே அவரும் ஒன்றைக் கடித்தார். நானும் கடித்தேன். டிரைவருக்கும் ஒன்று போனது.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. கதிர்காமம் பக்கம் வீடு மாறிவிட்டோம். இன்றைக்கும் மேலே விமானச் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை வைத்துவிடுவேன். அப்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது விமானம் இல்லை, வேன்தான்.

திண்டிவனம் வரும்போது மதாம் வாயைத் திறந்துகொண்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஒரு ஏர்பேக்கோடு உலகம் சுற்றிய அந்த மனுஷி அத்தனை கனம் கனத்தார். ஊர் வந்து சேரும்வரை நான் தோளை அசைக்கவில்லை.