கோழிக்கு வருத்தம் பார்க்கப் போனவர்

நம் ஊர்களில் ஓர் இனத்தார் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்று காதில் விழுந்தால் போதும், ஒரு பிஸ்கட் பெட்டியோடு வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இதே வருத்தத்தில் செத்துப்போன சொந்தக்காரரின் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, நோயாளியின் முகம் வெளிறியதும் தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழும்புவார்கள். மனிசருக்குச் சரி. கோழிக்கும் போவார்களா?

போவார்கள். அடைக்கலநாதனைப் பாருங்கள்.

கொழும்புத்துறையில் இறைச்சிக்கோழி வளர்க்கிற மேர்சியின் தகப்பனுக்கு ஒன்றுவிட்ட தங்கையைக் கட்டியவர் இவர். அந்தத் தங்கை குருநகர் லூர்த்தம்மாவின் மூன்றாவது பெண். அவளுடைய மூக்கை மேர்சியின் மூத்த பிள்ளையின் முகத்தில் இன்றைக்கும் காணலாம். அது கிடக்கட்டும். முறைக்கு மாமா. மாமாவை வாசலில் மறிக்க எங்கள் பக்கத்தில் யார் பழகியிருக்கிறார்கள்?

மேர்சிக்கு இரண்டு கொட்டில்கள். முதலாவதில் குஞ்சுகள் சிறகு சிலிர்த்து, தலையைத் தொங்கப்போட்டு, வெள்ளையாகக் கழிந்து, அடுத்தடுத்துச் சரிந்தன. இரண்டாவது கொட்டில் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. அதுவும் போனால், கோழியை மறந்து கொழும்பில் மைத்துனி வீட்டில் பிள்ளை பார்க்கப் போகவேண்டியதுதான். அடுப்படியில் நின்று அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாமா வந்தார். முதற்கொட்டில் வாசலில் கால் நனைத்துப் போக வைத்திருந்த மருந்துத் தண்ணீர்ப் பேசினைச் சாரத்தைத் தூக்கிக்கொண்டு தாண்டினார்.

"உது என்ன பிள்ளை, மாதா கோயில் தீர்த்தமோ?"

போன கிழமையும் இப்படித்தான் தாண்டினார்.

"எந்த இடத்துக் குஞ்சு?" என்றார், கல்யாணம் பேச வந்தவரைப்போல.

"கொம்பனிக்காரர் கொண்டந்து தந்தவை மாமா."

"கொம்பனிக்கு எந்த இடம்?"

"தெரியாது."

"உதுதான். தாய் தகப்பனை விசாரிக்காமல் எடுத்தால் உப்பிடித்தான். இது வயித்தாலை போற பரம்பரை. பிலிப்புவின்ரை கொட்டிலிலை நிக்கிறது சளிப் பரம்பரை. அங்காலை றோயின்ரை கோழியள் வாதம். எல்லாம் நேரிலை பாத்திட்டுத்தான் வாறன்."

நேரில் என்றால் தூர நின்று பார்க்கிற ஆளா? உள்ளே போய், குந்தி, தூக்கி, வாயைத் திறந்து பார்த்து, ஒவ்வொரு கொட்டிலுக்கும் அதே செருப்போடு.

மேர்சி அழைத்திருந்த மிருக வைத்தியர் நிரோஜா அப்போது வந்து சேர்ந்தாள். யாருடைய பரம்பரையையும் கேட்கவில்லை. செத்த குஞ்சொன்றை வெட்டினாள். தொடைச் சதையில் இரத்தப் புள்ளிகள். வாலடியில் ஒரு சின்னப் பை வீங்கி, மஞ்சள் பசை பிடித்துக் கிடந்தது.

"கம்பறோ எண்ட கோழி நோய் மாதிரித்தான் கிடக்கு. ஆய்வுகூடத்துக்கும் அனுப்புவம். நோயை எதிர்க்கிற சக்தி இந்தப் பையிலைதான் ஊறுறது. வைரஸ் அதைத்தான் முதலிலை பிடிக்கும். பிறகு சளி, வயித்தோட்டம், எது வந்தாலும் குஞ்சு தாங்காது."

"பாத்தியே பிள்ளை," என்றார் மாமா, மேர்சியைத் திரும்பிப் பார்த்து. "சளி எண்டன், வயித்தோட்டம் எண்டன். டொக்டரும் அதைத்தான் சொல்லுறா."

நிரோஜா சிரிக்கவில்லை. குனிந்து அவருடைய செருப்பைப் பார்த்தாள்.

"மேர்சி அக்கா, நீங்கள் கீழை போடுறது மரத்தூள்தானே?"

"ஓம்."

"ஆனால் ஐயாவின்ரை செருப்பிலை உமி ஒட்டியிருக்கு. உமி போடுறது ஆர்?"

"பிலிப்பு அண்ணை," என்றாள் மேர்சி மெதுவாக. சொன்ன பிறகுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது.

மாமாவுக்கு விளங்கியதா? அவர் அதற்குள் இரண்டாவது கொட்டிலை நோக்கி நடந்துவிட்டார். "நல்லாய் நிக்கிறதுகளையும் ஒருக்கால் பாப்பம். என்ன வருத்தம் வருமெண்டு முன்கூட்டியே சொல்லிப்போடலாம்."

மேர்சி ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"மாமா, உள்ளுக்கை வேண்டாம்."

"என்னையோ? கொப்பர் இருந்திருந்தால் உப்பிடிச் சொல்லியிருக்கமாட்டார்."

"அப்பா நல்லவர். ஆனால் கோழி என்ரை. வீட்டுக்கை வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம். செருப்பை உதிலை விட்டிட்டு வாங்கோ."

அவர் தேத்தண்ணீர் குடிக்கவில்லை. வீட்டுக்குள்ளும் வரவில்லை. நேரே றோயின் வீட்டுக்குப் போனார், மேர்சியின் வருத்தத்தைச் சொல்ல.

"வாய்க்கொழுப்பு. அது தாய்வழி."

இரண்டாவது கொட்டில் தப்பியது. மேர்சி கொழும்புக்குப் போகவில்லை. மாமாவும் குறைந்துபோகவில்லை, தான் சொன்ன வருத்தங்கள் எல்லாவற்றையும் டொக்டர்ப் பிள்ளை வெட்டிப் பார்த்து ஒத்துக்கொண்டது என்றுதான் இன்றைக்கும் செத்தவீடுகளில் சொல்லித் திரிகிறார்.

இதை வாசித்துச் சிரித்த நீங்கள் பாதியிலேயே, "இது எங்கடை சின்னையாவேதான்" என்று ஒருவருக்குப் பெயர் வைத்துவிட்டீர்கள், இல்லையா? நாடி பிடிக்காமல், வாயைத் திறந்து பார்க்காமல், இருந்த இடத்தில் இருந்தே. இப்போது எழும்பி அதைச் சொல்லச் சின்னையா வீட்டுக்குப் புறப்படவும் போகிறீர்கள்.

போங்கள். படலை தாண்டமுன் செருப்பை மட்டும் ஒருக்கால் திருப்பிப் பாருங்கள்.